வீட்டை விற்றுவிட்டு ஆர்வியில் ஏறுவதா, வீட்டை வைத்துக்கொண்டே ஊர் சுற்றுவதா?

தொண்ணூறுகளில் வேலைக்காக அமெரிக்கா வந்த எங்கள் வயதுக்காரர்கள் இப்போது ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். நாலு படுக்கையறை வீட்டில் இரண்டே பேர். சொத்து வரியும் புல்வெட்டும் செலவும் கட்டி மாளவில்லை என்ற புலம்பல் ஒரு பக்கம், இத்தனை வருடம் இருந்தும் இந்த நாட்டைச் சரியாகப் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் ஒரு பக்கம். அப்போதுதான் யாராவது ஆர்வி, அதாவது சமையல், படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, பேச்சை எடுக்கிறார்கள். "எல்லாத்தையும் வித்துட்டு வண்டியில ஏறிடலாமா?" போன ஒரு வருடத்தில் என்னிடம் இதைக் கேட்ட தம்பதிகள் நாலு. ஐந்தாவது நாங்களேதான்.

என் கணவருக்கு 67, எனக்கு 62. ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம் என்று, முதலில் 30 அடி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஐந்து வாரம் சுற்றினோம். அதற்கு அப்புறம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று: வீட்டை விற்றுவிட்டு முழுநேரமும் வண்டி, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வண்டி, வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு வருடத்தில் சில மாதம் மட்டும் வண்டி. நாலாவதாக ஒன்றும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

எல்லோரும் பணத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம், பாதியில் நிறுத்திவிட்டு வரிசையை மாற்றினோம்.

முதல் கேள்வி, இறங்கும் வழி. ஐம்பது வயதில் கிளம்புகிறவர்களுக்கு இது ஒரு பயணம். நம் வயதில் இதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. கண் மங்கலாம், முட்டி மடங்காமல் போகலாம், இருவரில் ஒருவர் இல்லாமல் போகலாம். அன்றைக்கு எங்கே போய் இறங்குவது, அதற்குக் கையில் என்ன இருக்கும்?

இரண்டாவது, மருத்துவம். மூன்றாவது, முகவரி: லைசென்சு, வரி, வங்கி, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு கதவிலக்கத்தைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. நாலாவது, வண்டியை யார் ஓட்டுவது, ஒருவர் மட்டுமா இருவருமா. ஐந்தாவது, அந்த இடத்துக்குள் இருவரும் சண்டை போடாமல் இருக்க முடியுமா என்பது. 36 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் உள்ள வண்டியின் தரை கிட்டத்தட்ட 300 சதுர அடி. எங்கள் வீட்டுக் கராஜ் அதைவிடப் பெரிது. பணம் ஆறாவதாகத்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்று: விற்றுவிட்டு முழுநேரம்

இதன் கவர்ச்சியை மறுக்க முடியாது. இரண்டு குடித்தனம் நடத்தும் செலவு கிடையாது. வரியிலும் பெரிய சலுகை இருக்கிறது. விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது சொந்த வீடாக வைத்துக் குடியிருந்திருந்தால், தம்பதியாக வரி தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்ற லாபத்தில் 5 லட்சம் டாலர் வரைக்கும் மத்திய வருமான வரி இல்லை. தனி ஆளுக்கு இரண்டரை லட்சம். இருபது வருடத்துக்கு முன்னால் வாங்கிய வீட்டுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். விற்ற பணத்தில் ஒரு பங்கு வண்டிக்குப் போகும். வீடு மாதிரி வண்டி விலை ஏறாது. ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். 15, 20 வருடத் தவணையில் வாங்கினால் இன்னும் மோசம். ஐந்தாம் வருடம் இறங்க நினைக்கும்போது வண்டி விலையைவிட மீதிக் கடன் அதிகமாக நிற்கலாம். எங்கள் வயதில் ஆர்வியைக் கடனில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாரண்டிப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். "முழுநேரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் செல்லாது" என்ற வரி பல கம்பெனிகளின் வாரண்டியில் இருக்கிறது. சாதாரண ஆர்வி இன்சூரன்ஸும் அப்படித்தான். முழுநேரக்காரர்களுக்கு என்று தனி பாலிசி எடுக்க வேண்டும், ஏனென்றால் வீட்டு பாலிசி தரும் பாதுகாப்பு, அதாவது உங்கள் படியில் யாராவது வழுக்கி விழுந்தால் வரும் வழக்கு வரைக்கும், அப்போது வேறு எங்கேயும் இருக்காது.

டீசல், பெட்ரோல் எல்லோரும் கணக்குப் போடுவதுதான். பெரிய பெட்ரோல் வண்டி காலனுக்கு 8 மைல் கொடுத்தால் அதிகம். வருடம் 8,000 மைல் ஓட்டினால் 1,000 காலன். காலன் மூன்றரை டாலர் என்றால் 3,500 டாலர். யோசித்துப் பார்த்தால் இது பெரிய தொகையில்லை. பணத்தை உறிஞ்சுவது பழுதுதான். எங்கள் வாடகை வண்டியில் ஒரு நாள் ஸ்லைடு-அவுட் (நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீட்டி அறையைப் பெரிதாக்கும் பகுதி) பாதி வெளியே வந்த நிலையில் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அப்படியே ஓட்டவும் முடியாது. ஆள் வந்து பார்த்து, மோட்டார் வரவழைத்து மாட்டி முடிக்க ஆறு நாள். அந்த ஆறு நாளும் மோட்டலில் உட்கார்ந்துகொண்டு அவர் டிவி பார்க்க, நான் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்: கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வீட்டில் இருக்கலாம், வீடே ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எங்கே இருப்பது? மாற்றுத் துணிகூட அந்த வண்டிக்குள்தான் இருந்தது.

முகவரி விஷயத்துக்கு முழுநேரக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், புளோரிடா, சவுத் டகோட்டா மூன்றில் ஒன்றில் தபால் சேவை முகவரி எடுத்து, அதையே நிரந்தர மாநிலமாக வைத்துக்கொள்வது. டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற சின்ன ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்விக்காரர்கள் சங்கம் இதற்கென்றே பெரிய தபால் நிலையம் நடத்துகிறது. சவுத் டகோட்டாவில் அந்த மாநிலத்தில் ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டி லைசென்சு எடுத்தவர்கள் ஏராளம். ஆனால் வாக்காளர் பதிவுக்கு 30 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று 2023-இல் அதே மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, மூன்று வருடத்துக்கு முன்னால் போனவர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

மருத்துவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 65 வயதானவர்களுக்கு அரசே தரும் மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேர் நாடு முழுக்கச் செல்லும். மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். அதற்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் அப்படியில்லை. அது ஊர் சார்ந்த பிளான். அதன் பகுதிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான பிளான்களில் பெயரை எடுத்துவிடுவார்கள். சரி, அட்வான்டேஜை விட்டுவிட்டு அசல் மெடிகேருக்கு வந்து, கூடவே அது கட்டாத மீதிச் செலவுக்கான மெடிகேப் பாலிசி எடுத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. 65 வயதுக்கு மேல் பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) ஆரம்பித்த ஆறு மாதத்துக்குள் எடுத்தால் நோய் விவரம் கேட்காமல் தருவார்கள். அப்புறம் போனால் பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எல்லாம் விசாரித்துவிட்டு மறுக்கலாம். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்த மூன்றும் இல்லை? ஆக, 65-இல் எந்தப் பெட்டியில் டிக் அடிக்கிறோம் என்பதே 68-இல் ஆர்வியில் ஏற முடியுமா என்பதை ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. எனக்கு இன்னும் 65 ஆகவில்லை. அதுவரைக்கும் நாமே வாங்கும் மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டு பிளான்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் நான் மெடிகேருக்கு வரும் வரைக்கும் இந்த முதல் வழி எங்களுக்கு அநேகமாக அடைபட்ட கதவுதான்.

இறங்கும் வழி என்று பார்த்தால் மூன்றில் இதுதான் பலவீனம். விற்றுவிட்டுப் போய் எட்டு வருடம் கழித்துத் திரும்பினால், அன்றைய விலைக்கு, அன்றைய வட்டிக்கு வாங்க வேண்டும். 2020, 2021-இல் மூன்று சதவீதத்துக்குப் பக்கத்தில் வீட்டுக்கடன் மாற்றி எடுத்தவர்கள் அந்த வட்டியை விற்றதும் இழந்துவிடுவார்கள். அது திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

யாருக்கு இது சரி? வீட்டின் மேல் பெரிய பாசம் இல்லாதவர்கள். விற்ற பணத்தில் ஒரு சின்ன காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கும் அளவைத் தனியாக எடுத்து, தொடவே மாட்டோம் என்று ஒதுக்க முடிந்தவர்கள். இருவரும் அசல் மெடிகேரில் இருப்பவர்கள். இந்த மூன்றும் இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம்.

இரண்டு: வாடகைக்கு விட்டுவிட்டு

முதலில் கேட்டபோது எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. வீடும் கையை விட்டுப் போகாது, மாதம் வருமானமும் வரும், அதே பணத்தில் ஊர் சுற்றலாம்.

ஆனால் இதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. மேலே சொன்ன 5 லட்சம் டாலர் வரிச் சலுகைக்கு, விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்திருக்க வேண்டும் இல்லையா? நீங்கள் வெளியேறி மூன்று வருடம் தாண்டிவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். திரும்பி வந்து இரண்டு வருடம் குடியிருந்தாலும் முழுச் சலுகை மீளாமல் போகலாம். வாடகைக்கு விட்ட காலத்துக்குத் தேய்மானக் கழிவு எடுத்திருப்பீர்கள், அந்தத் தொகைக்கு விற்கும்போது 25 சதவீதம் வரைக்கும் தனியாக வரி வரும். "இன்னும் ஒரு வருஷம் சுத்திட்டு வரலாம்" என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றபடி வாடகைக்காரர் தலைவலி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேனேஜர் வைத்தால் வாடகையில் ஒரு பங்கு அவருக்கு. வைக்காவிட்டால், மலை உச்சியில் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கும்போது தண்ணி ஹீட்டர் உடைந்த செய்தி மூன்று நாள் கழித்து வந்து சேரும். வீட்டு இன்சூரன்ஸை வாடகை வீட்டு பாலிசியாக மாற்ற மறக்கக் கூடாது.

இரண்டு, இரண்டரை வருடம் என்று எல்லை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இது அருமையான வழி. முழுநேர வாழ்க்கை எப்படியிருக்கும் என்று உண்மையாகவே தெரிந்துவிடும், திரும்பும் வழியும் அடைபட்டிருக்காது. எல்லை போடத் தெரியாதவர்களுக்கு இது கையைக் கடிக்கும்.

மூன்று: வீடும் உண்டு, வண்டியும் உண்டு

குளிர் ஆரம்பித்ததும் தெற்கே கிளம்பி, வசந்தத்தில் திரும்புவது. இங்கே இவர்களுக்குப் பெயரே 'ஸ்னோபேர்ட்'. அரிசோனாவில் குவார்ட்சைட் பக்கம், அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் சீசன் அனுமதி வாங்கிக்கொண்டு பாலைவனத்திலேயே நிறுத்தியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். டெக்சாஸின் தெற்குக் கோடியில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களை உள்ளூர்க்காரர்கள் 'வின்டர் டெக்சன்' என்பார்கள்.

செலவில் இதுதான் கனமானது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு பராமரிப்பு, சொத்து வரி அப்படியே. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த வீட்டுச் சங்கம் விடாது, அதனால் சேமிப்பிடத்துக்கு மாதவாடகை. நின்றுகொண்டே இருக்கும் வண்டியும் கெட்டுப்போகும்: டயர் ஓடாவிட்டாலும் ஆறேழு வருடத்தில் மாற்ற வேண்டும், பேட்டரி செத்துப்போகும், எலி ஒயரைக் கடிக்கும். வீட்டுப் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. 30 அல்லது 60 நாளுக்கு மேல் வீடு காலியாகக் கிடந்தால் சில வகை இழப்புகளுக்குப் பணம் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். குளிரில் குழாய் வெடித்து வீடு முழுக்கத் தண்ணீர் நின்ற பிறகு அந்த வரியைப் படிப்பதில் பயனில்லை.

ஆனால் டாக்டர் அதே டாக்டர், முகவரி அதே முகவரி. முட்டி வலித்தால் திரும்பி வந்து நம் கட்டிலில் படுக்கலாம். இறங்கும் வழி என்ற முதல் கேள்விக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஒரு நேர்மையான கணக்கும் போட்டுப் பாருங்கள். வருடத்தில் இரண்டு மாதம்தான் போகப்போகிறீர்கள் என்றால் வண்டி வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். நாலு மாதத்தைத் தாண்டினால்தான் சொந்த வண்டி நியாயம் என்பது என் கருத்து.

நாலாவது, சுருக்கமாக

55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆர்வி பார்க்குகளில் ஓர் இடத்தை வருடக் குத்தகைக்கு எடுத்து அங்கேயே நிறுத்திவிடுவது. அரிசோனாவில் மேசா பக்கமும் புளோரிடாவிலும் இது சகஜம். நீச்சல் குளம், சீட்டாட்டம், அக்கம்பக்கத்தார் எல்லாம் உண்டு. ஆனால் நிலம் உங்களுடையது இல்லை, குத்தகை ஏறிக்கொண்டே போகும். பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியை உள்ளே விடாத பார்க்குகளும் இருக்கின்றன. ஓட்டும் ஆசை தீர்ந்தவர்களுக்கு இது ஒரு நல்ல இடைநிறுத்தம்.

ஒரே பார்வையில்

| | விற்றுவிட்டு | வாடகைக்கு விட்டு | வீட்டோடு |
|---|---|---|---|
| இறங்கும் வழி | பணம் ஒதுக்கினால்தான் | உண்டு, கெடுவோடு | எப்போதும் |
| மருத்துவம் | அசல் மெடிகேர் கட்டாயம் மாதிரி | அதேதான் | பழைய டாக்டரே |
| முகவரி | புதிதாக ஏற்பாடு | யோசித்து முடிவு | மாற்றமில்லை |
| மாதச் செலவு | குறைவு, பழுது வரும் வரை | நடுத்தரம் | அதிகம் |
| ஒளிந்திருப்பது | வண்டி விலை வீழ்ச்சி | மூன்று வருட வரிக் கெடு | காலி வீட்டு விதி |

வண்டி எது?

பெரிதாக வாங்கினால் வசதி, சின்னதாக வாங்கினால் சுதந்திரம். மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் 'கோயிங்-டு-த-சன்' சாலையில் அவலாஞ்சுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. 30 அடி வண்டியோடு போன நாங்கள் கீழே நிறுத்திவிட்டு, மலையைப் படத்தில் பார்த்தோம். பூங்கா முகாம்களிலும் நீளக் கட்டுப்பாடு சகஜம். 62 வயதானதும் 80 டாலருக்குக் கிடைக்கும் தேசியப் பூங்காக்களுக்கான ஆயுள் சீனியர் பாஸ் வாங்கினால் பல மத்திய அரசு முகாம்களில் பாதிக் கட்டணம்தான், குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும். ஆனால் வண்டி உள்ளே நுழைந்தால்தானே அந்தப் பாதி.

பெரிய வண்டிக்கு லைசென்சும் பாருங்கள். கலிபோர்னியாவில் 40 அடிக்கு மேல் என்றால் தனி வகுப்பு லைசென்சு, டெக்சாஸில் 26,000 பவுண்டு எடையைத் தாண்டினால். முக்கியமாக, வீட்டில் இரண்டு பேருக்கும் ஓட்ட வர வேண்டும். அவருக்கு நெஞ்சு வலித்தால் நடு நெவாடாவில் நான் என்ன செய்வேன்?

நம் சமையலுக்குத் தனியாக ஒரு பத்தி

வேறு யாரும் இதை எழுத மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். முதல் நாள் காலை சட்னிக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து மிளகாய் நிறம் மாறுவதற்குள் புகை அலாரம் அலற, அவர் துண்டை எடுத்து விசிற, பக்கத்து வண்டிக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். மறுநாளிலிருந்து வெளியே மேஜை போட்டு, இன்டக்ஷன் அடுப்பில் தாளிப்பு. மின்சாரமும் அளவுதான். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500, மைக்ரோவேவ் 1,500, இன்ஸ்டன்ட் பாட் 1,000. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். சோறு வேகும் வரைக்கும் வியர்வையில் உட்காருங்கள், அல்லது 50 ஆம்ப் வண்டி வாங்குங்கள். அரிசி, பருப்பு களையும் தண்ணீர் எல்லாம் 'சாம்பல் நிறத் தொட்டி' எனப்படும் கழுவுநீர்த் தொட்டிக்குப் போகும், இரண்டு நாளில் நிறைந்துவிடும். கழுவும் பழக்கத்தால் கழிவறைக்கான கருப்புத் தொட்டியும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் நிறையும். தண்ணீர் அதிகம் இருந்தால் காலி செய்யும்போது சுலபமாக வழிந்துபோகும், அது ஒன்றுதான் லாபம். காலி செய்யும் வேலை அவருடையது என்று முதல் வாரமே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

நாங்கள் எடுத்த முடிவு

மூன்றாவது வழி, ஆனால் சின்னதாக. நாலைந்து வருடம் ஓடிய, 24 அடி, சி கிளாஸ் (வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய வகை) வண்டி ஒன்று பார்த்திருக்கிறோம். கடன் இல்லாமல் வாங்கும் விலை. அக்டோபர் கடைசியில் கிளம்பி மார்ச்சில் திரும்புவது. போகிற வழியில் டெக்சாஸில் பியர்லாண்ட் மீனாட்சி கோயில் பக்கம் ஒரு மாதம் தங்க வேண்டும் என்பது என் நிபந்தனை. வீட்டுக் குழாய்த் தண்ணீரை அடைத்துவிட்டுப் போவோம், வாரம் ஒரு முறை பார்த்துவிட்டுப் போக நண்பர் ஒருவரிடம் சாவி கொடுத்தாயிற்று. எனக்கு 65 ஆகி, அசல் மெடிகேரும் மெடிகேப்பும் எடுத்த பிறகு இரண்டாவது வழியைத் திரும்பப் பேசுவோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை நாட்காட்டியில் எழுதியும் வைத்துவிட்டார்.

அதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை, காலியான ஒரு பார்க்கிங்கில் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து எனக்கு ரிவர்ஸ் பழக்கப் போகிறாராம். பின்னால் நின்றுகொண்டு கையை ஆட்டுவது மட்டும்தான் அவர் வேலை, கத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.